அப்பா தூங்குகிறார்

லீவு நாளில் பகல் பத்து மணிக்கு எங்கள் வீட்டில் மெஷின் ஆயில் வாடை அடிக்கும். ஜன்னலில் அம்மா கட்டிவைத்த நீலக் கைலியைத் தாண்டி வெளிச்சம் உள்ளே வராது. அந்த அரை இருட்டில், கதவருகே கழற்றிப் போட்ட காக்கிச் சட்டையிலிருந்து கிளம்பும் அந்த வாடை, அடுப்பில் கொதிக்கிற சாம்பாரின் வாசனையையும் அமுக்கிவிட்டு அறை முழுக்க நிற்கும். அதை மோந்த உடனே எனக்கும் தம்பிக்கும் தெரிந்துவிடும்: இந்த வாரம் அப்பாவுக்கு "சி ஷிஃப்ட்", இரவெல்லாம் வேலை, பகலெல்லாம் தூக்கம். எங்களுக்கு வாய் கிடையாது.

அப்பாவும் அம்மாவும் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்தவர்கள். தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஒன்றோடொன்று ஒட்டிய எட்டு வீடுகள் கொண்ட "லைன் வீட்டில்" மூன்றாவது எங்களுடையது. எட்டில் ஏழு வீட்டு ஆண்கள் ஒரே கம்பெனியில், தகடுகளை அடித்து வளைக்கும் "பிரஸ் ஷாப்பில்" வேலை பார்த்தார்கள். அதனால் எங்கள் வரிசைப் பிள்ளைகள் விளையாட்டைத் தொடங்குமுன் ஒருவரையொருவர் கேட்கும் முதல் கேள்வி, "உங்கப்பா எந்த ஷிஃப்ட்டு?" என்பதுதான். யார் வீட்டில் தூக்கமோ அந்த வாசலை விட்டுத் தள்ளிப் போய்விடுவோம். கண்ணாமூச்சியில்கூட எண்களை உரக்கச் சொல்லாமல் சுவரில் விரலால் தட்டி எண்ணுவோம். மற்ற வீடுகளில் வாரத்துக்கு வாரம் இந்தக் கட்டுப்பாடு தளரும். எங்கள் அம்மாவுக்கு மட்டும் மூன்று ஷிஃப்ட்டும் ஒன்றுதான். அப்பா வீட்டில் கண்ணை மூடிவிட்டால் போதும், தெருமுனையில் பந்து தட்டுகிறவனைக்கூடப் போய் அதட்டிவிட்டு வருவாள். "மெல்லப் பேசுங்க, அவருக்குத் தூக்கம் கெட்டுரும்" என்பதைத்தான் என் காது முதன்முதலில் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

தொலைக்காட்சி இருந்தது, சத்தம் இல்லாமல். எங்கள் கேபிளில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் அடுத்தடுத்து வரும். சத்தத்தை அடைத்துவிட்டால் மூன்றும் ஒன்றுதான். உதட்டையும் கண்ணையும் பார்த்து நானே வசனம் வைத்துக்கொள்வேன். ஒரு நாள் கடைசி வீட்டு மஞ்சுளா தன் வீட்டுக்கு அழைத்துப்போய் அதே தொடரைச் சத்தத்தோடு காட்டினாள். மாதக்கணக்காக நான் வில்லன் என்று நம்பியிருந்த ஆள் அந்தப் பெண்ணின் சொந்த அண்ணன் என்று தெரிந்து, அவமானத்தில் எழுந்து வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவும் விழித்திருந்து எங்களோடு உட்கார்ந்து பார்ப்பார். அப்போதும் சத்தம் வைக்கச் சொல்ல மாட்டார். நாங்கள் சிரித்தால் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் சிரிப்பார். அதில் விசேஷமாக எதுவும் எனக்குத் தோன்றியதில்லை.

இப்படி வளர்ந்த பெண் பள்ளிக்கூடத்தில் என்ன செய்வாள்? வகுப்பில் அறுபது பேர். எல்லோருக்கும் தொண்டை இருந்தது, எனக்குக் காற்று மட்டும் வந்தது. பதில் தெரியும், கால் கட்டைவிரல் செருப்புக்குள் துடிக்கும், பெஞ்சில் ஒரு நிமிடம் நிலையாக உட்கார முடியாது, ஆனால் எழுந்து நின்றால் உதடு மட்டும் அசையும். "ஊமச்சி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். மஞ்சுளாதான் காப்பாற்றினாள். அவள் அப்பா தக்காளி டெம்போ ஓட்டுகிறவர், வீட்டில் கன்னடம். அவர்கள் பேசினால் வரிசை முழுக்கக் கேட்கும். மிஸ் தலையைத் தூக்காமல் பெயர் வாசிப்பார். மஞ்சுளா தன் பெயருக்கு ஒரு "ப்ரெசென்ட் மிஸ்", என் பெயருக்குக் குரலைக் கொஞ்சம் மாற்றி இன்னொரு "ப்ரெசென்ட் மிஸ்" போடுவாள். மூன்றாம் வகுப்பின் பெரும்பகுதி இப்படியே நிம்மதியாக ஓடியது.

பிறகு மஞ்சுளாவுக்கு அம்மை போட்டது. மூன்று வாரம் அவள் வரவில்லை. நானும் வரவில்லை, பதிவேட்டின்படி! பெயர் வாசிக்கும்போதெல்லாம் இரண்டாவது பெஞ்சில் முறைத்தபடி உட்கார்ந்திருந்தேன். என் உதட்டசைவு மிஸ் காதுக்குப் போய்ச் சேரவில்லை. பக்கத்தில் இருந்த பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்களே தவிர, ஒருத்தியும் எனக்காக வாய் திறக்கவில்லை. அந்த ஆத்திரம் இன்றைக்கும் தீரவில்லை. மாதக் கடைசியில் கணக்குப் பார்த்த மிஸ், அப்பாவைக் கூட்டிவரும்படி சீட்டு கொடுத்தார்.

வழக்கமாக எங்கே போனாலும் அம்மா கூடவே போவாள். ரேஷன் கடையோ ஆஸ்பத்திரியோ, எதிரில் இருப்பவர் சொன்னதைத் திரும்ப ஒருமுறை அப்பா முகத்துக்கு நேராகச் சொல்வாள். அது அவள் பழக்கம் என்று நினைத்திருந்தேன். அந்த வாரம் ஊரில் ஒரு சாவு. தம்பியைத் தூக்கிக்கொண்டு அம்மா போயிருந்தாள். அப்பா இரவு வேலை முடித்து, தூங்காமல், சிவந்த கண்ணோடு என்னைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு வந்தார்.

தலைமையாசிரியை பதிவேட்டைப் புரட்டியபடி, குனிந்த தலை நிமிராமல் பேசினார். "புள்ளைக்கு அட்டெண்டன்ஸே பத்தலைங்க. வந்த நாள்லயும் வாயத் தொறக்கறதில்லன்னு மிஸ் சொல்றாங்க. இன்னொரு வருஷம் மூணாங் கிளாஸ்லயே இருக்கட்டும். சரிங்களா?"

அப்பா பணிவாகத் தலையாட்டி, "சரிங்க மேடம்" என்றார்.

மஞ்சுளா நாலாம் வகுப்புக்குப் போய்விடுவாள்; நான் இன்னொரு வருடம் இதே பெஞ்சில், வாயில்லாமல். "அப்பா" என்றேன், வீட்டுக் குரலில். அவர் திரும்பவில்லை. கொஞ்சம் கூட்டி, "அப்பா" என்றேன். ஒன்றரை அடி தூரத்தில் நிற்கிறேன். அவர் தலைமையாசிரியையின் வகிட்டையே பார்த்துச் சிரித்தபடி இருக்கிறார். தலைமையாசிரியை கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாளை அவர் பக்கம் தள்ளினார். அப்பா பேனாவை எடுத்தார்.

அப்போதுதான் கத்தினேன். எனக்குள் அப்படி ஒன்று இருந்தது எனக்கே தெரியாது. "அப்பா! போடாதீங்கப்பா! என்னைய மறுபடியும் மூணாங் கிளாஸ்ல போடப் போறாங்கப்பா! நான் தெனமும் வந்தேன்! மஞ்சுளா இல்லாததால யாரும் ப்ரெசென்ட் சொல்லல!" வராந்தாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஆயா குடத்தோடு எட்டிப் பார்த்தாள். அப்பா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்து, "வேணாங்க மேடம், அவ நல்லாப் படிக்கிற புள்ள" என்றார். தலைமையாசிரியை என் நோட்டுகளைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். மூன்று வாரத்து வீட்டுப்பாடத்திலும் சிவப்பு மையில் மிஸ்ஸின் கையெழுத்து வரிசையாக இருந்தது. "இவ்ளோ சத்தத்த எங்க வெச்சிருந்தே நீ?" என்றார். நான் தப்பித்தேன். எனக்காக ப்ரெசென்ட் சொன்னதற்கு மஞ்சுளாவை மட்டும் ஒரு பீரியட் முட்டி போட வைத்தார்கள். ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது ரயில்வே கேட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டு அப்பா குனிந்தார். "காது கொஞ்ச நாளாவே சரியில்ல தாயி. மெஷின் சத்தம். கம்பெனியில தெரிஞ்சா வெளிய தள்ளிருவாக. அம்மாகிட்ட சொல்லாத, பயந்துருவா." சரி என்றேன். கத்திச் சொன்னேன்.

அதன்பிறகு எனக்கு மூன்று குரல்கள். பள்ளியில் எல்லோரையும் போல, சைக்கிளில் அப்பாவின் வலது காதுக்குக் கூச்சல், வீட்டில் பழைய காற்று. அம்மாவுக்குத் தெரியக்கூடாதே. அப்பா தூங்கும்போது தம்பி பாத்திரத்தைத் தள்ளிவிட்டால், அவர் எழுந்திருக்க மாட்டார் என்று தெரிந்தும் ஓடிப்போய் அதைப் பிடித்து அமுக்குவேன். எந்தக் குரலை எங்கே எடுப்பது என்ற பதற்றத்திலேயே அந்த வருடங்கள் போயின. கம்பெனியின் வருடாந்திர மருத்துவப் பரிசோதனை நாட்களில் எனக்குச் சோறு இறங்காது. காதில் ஒலி கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். அப்பா கண்ணாடிக்கு அப்பால் ஒலியைப் போடுகிறவரின் கை அசைவைப் பார்த்து அழுத்துவாராம். ஓய்வு பெறும்வரை தேறிக்கொண்டே இருந்தார்.

லைன் வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. ஷிஃப்ட் மாறும்போது ஊதும் கம்பெனிச் சங்கு இப்போது ஊதுவதில்லை. எந்த ஷிஃப்ட் என்று எந்தப் பிள்ளையும் யாரையும் கேட்பதில்லை. நான் பெங்களூருக்குப் போய்வந்து, நாள் முழுக்கப் போனில் பேசிச் சம்பாதிக்கிறேன். அப்பாவின் காதுக்கு இப்போது வயதைக் காரணம் சொல்லிக்கொள்ளலாம். சென்ற மாதம் அந்தத் தைரியத்தில், அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: அவருக்குக் கேட்கவே இல்லை, நாம் வாயைப் பொத்தியதெல்லாம் வீண் என்று.

அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே, "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்" என்றாள்.

"அப்புறம் எதுக்கும்மா எங்க வாயக் கட்டுன?"

"ஏழு வீடும் ஒரே கம்பெனி. அத்தனை சத்தத்துலயும் ஒரு மனுஷன் அசையாமத் தூங்குனா, பாக்குறவங்களுக்கு வெளங்காதா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. ஊமச்சி என்று பெயர் வாங்கியது நான். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்னை அனுப்பியதும் அந்த வேலைதான். அம்மா என் பக்கம் சாய்ந்து, "எனக்கு அப்பவே தெரியும்னு அவர்கிட்ட சொல்லிராத. மறைச்சுட்டோம்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு, அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

எதிர் நாற்காலியிலிருந்து எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த அப்பா, "என்ன தாயி?" என்றார்.

அம்மா குரலை உயர்த்தி, "ராத்திரிக்குத் தோசையா உப்புமாவான்னு கேக்குறா!" என்றாள்.

அப்பா சிரித்துத் தலையாட்டி, "சரி" என்றார்.