விசில் ஊதினால் மூடும் கண்

தில்லை நகரில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் ஆயாவாக இருந்தேன். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதுகிறாள். புதிதாக ஆயா வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காகத்தான் இது.

முகவாதம் வந்தவர்களுக்கு முன்னால் கண்ணாடியை வைப்பது என் வேலை. பாதிப் பேர் பார்த்ததும் அழுவார்கள். செல்வராசு அழவில்லை. அவர் ஸ்ரீரங்கம் பஸ் கண்டக்டர். ஒரு கண் மூடாது, குடித்த தண்ணீர் கடைவாயில் வழியும். ஆபரேஷன் வேண்டாம், மாத்திரையும் பயிற்சியும் போதும் என்று டாக்டர் அனுப்பியிருந்தார்.

"விசில் ஊதுனா காத்து ஒரு பக்கமா போயிடுது மேடம். டிப்போவுலயே உக்கார வச்சிட்டாங்க. எனக்கு பஸ்ஸுதான் வேணும்."

"மெதுவா செய்ங்க. பலமா எதுவும் கூடாது" என்றார் பயிற்சி கொடுக்கும் மேடம்.

முழங்கால் வலிக்காரர்களை விரட்டி விரட்டி வேலை வாங்குகிற மேடம் இவரிடம் மட்டும் ஏன் இப்படி? எனக்குக் குழப்பம்தான்.

சில மாதத்தில் வாய் நேராகி வந்தது. ஒரு நாள் என்னைப் பார்த்து விசில் ஊதுவதுபோல் உதட்டைக் குவித்தார். கூடவே கண்ணடித்தார்!

"என்ன தம்பி, என் வயசென்ன, உன் வயசென்ன?"

"ஐயோ ஆயாம்மா, நான் எங்க கண்ணடிச்சேன்?"

மறுபடி குவித்தார், மறுபடி கண் மூடியது. மூடாத கண் மூடுகிறதே, இது நல்லதா கெட்டதா? மேடத்தைக் கூப்பிட்டேன்.

"வீட்ல என்ன பண்ணீங்க?"

"மொட்டை மாடியில விசில் ஊதிப் பழகுனேன். பலமா ஊதுனா நரம்பு தெளியும்னு டிப்போவுல சொன்னாங்க."

"வாய்க்குப் போற நரம்பு வழி மாறி கண்ணுக்கும் போயிருக்கு. பலமா ஊத ஊத அதே பழக்கமாயிடும்."

செல்வராசு முகம் வாடிவிட்டது. "பஸ் பூரா லேடீஸ் மேடம். ஸ்டாப்புக்கு ஸ்டாப் விசிலடிச்சு கண்ணடிச்சா, திருவானைக்காவல் தாண்டறதுக்குள்ள செருப்படிதான்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாவம், அவரும் சிரித்தார்.

மேடம் விசிலைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். உதட்டை மெதுவாக, அரிசி அளவுக்கு மட்டும் குவிக்க வேண்டும், கண் சுருங்கினால் நிறுத்த வேண்டும். எதிரே உட்கார்ந்து அந்தக் கண்ணையே பார்ப்பது என் வேலை. நடுவில் என் மருமகள் கதையைத் தொடங்கினால், "ஆயாம்மா, கண்ணு!" என்று மேடம் அதட்டுவார்.

மேடம் விசிலைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிய பிறகு ஒரு நாள் ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறினேன். செல்வராசு! விசிலை வாயில் வைத்தார். கண் லேசாகச் சுருங்கியது, மூடவில்லை.

"கேக்கலய்யா, சத்தமா ஊது!" என்றார் டிரைவர்.

"இவ்ளோதாண்ணே வரும். நீங்க காதத் தீட்டிக்குங்க!"

பஸ் கிளம்பியது. முகத்துக்கு அவசரம் ஆகாது பிள்ளைகளா, எதிரே உட்கார்ந்து கண்ணையே பாருங்கள்.