உறைபனி கீறிய ஆறு

அண்ணரின் ஈமக்கிரியையன்று மண்டபத்தில் என் கையைப் பற்றி ஆறுதல் சொன்ன பலரும் கூடவே ஒரு கேள்வியையும் கேட்டனர். நோயுற்றிருந்தவரை எதற்காக அந்த வடதிசைக் குளிருக்குள் அழைத்துச் சென்றாய் என்பதே அது. அவரது முதலாம் ஆண்டு நிறைவில் வெளிவரும் இம்மலரில், அவருக்கு இளையவனாகிய நான் எனக்குத் தெரிந்த தமிழில் விடை தர முயல்கிறேன்.

அண்ணர் பருத்தித்துறையில் எங்கள் பெற்றோரின் தலைமகனாகப் பிறந்தார். தந்தையார் இளவயதிலேயே காலமாகிவிட்டதால் படிப்பை நிறுத்தி, கடைச் சுவர்களுக்கு வர்ணம் பூசி எங்களைத் தாங்கினார். போர் எம்மைச் சிதறடித்தபோது மொன்றியலுக்கு வந்து, டோர்வல் விமான நிலையத்தில் பொதிகள் ஏற்றும் பணியில் அமர்ந்தார். அண்ணியாரையும் என்னையும் இந்நாட்டுக்கு அழைப்பித்தவர் அவரே.

வடகோடியிலுள்ள உங்காவாக் குடாப் பக்கத்துச் சிற்றூர்களுக்குப் பறக்கும் விமானங்களில் பாலும் முட்டையும் மரப்பலகையும் ஏற்றிக்கொண்டிருந்தவருக்கு, இவையெல்லாம் போய்ச் சேரும் இடம் எப்படியிருக்கும் என்ற ஆவல் பிறந்தது. ஒரு விடுமுறையில் தாமும் ஏறிப் போனார். திரும்பி வந்ததும் நீர்வர்ணமும் தடித்த தாளும் வாங்கினார். அன்றுதொட்டு வருடந்தோறும் அங்கு சென்று, திறந்த வெளியில் நின்றே படம் வரைந்தார். புகைப்படம் பார்த்து வரைய ஒருபோதும் இசைந்ததில்லை. அங்கு தொடங்கியது அங்கேயே முடிய வேண்டும். முடியாமற் போனால் வீட்டுக்கு வந்து ஒரு கோடும் கீறிச் சேர்க்கமாட்டார்.

மாரிக் குளிரில் தண்ணீர் தூரிகையிலேயே கட்டியாகிவிடும் என்பதால், வர்ணத்தை எளிதில் உறையாத வொட்கா மதுவில் கரைப்பார். வாழ்நாளில் ஒரு துளி மதுவும் அருந்தாத அவர் மதுக்கடையில் போத்தலோடு நின்றதைக் கண்டு சிலர் வேறுவிதமாகப் பேசியதுமுண்டு.

“நான் குடிக்கிறேல்லை. என்ரை பிரஷ்தான் குடிகாரன்,” என்று சொல்லிச் சிரிப்பார்.

அங்குள்ள பெரிய ஆற்றை இலையுதிர் காலத்திலும் பனி உடையும் காலத்திலும் வரைந்து முடித்திருந்தார். நடுமாரியில் அது உறைந்து கிடக்கும் கோலம் மட்டும் அவர் கைக்கு வரவேயில்லை. அந்தப் படங்கள் யாவும் பாதியிலே நின்றன. நோய் முற்றி, இரு சிகிச்சைகளுக்கிடையே சிறிது ஓய்வு கிடைத்தபோது என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, ஒருக்கால் கூட்டிக்கொண்டு போ. அந்த ஆத்தை நான் இன்னும் முடிக்கேல்லை.”

மருத்துவர் தயங்கித் தயங்கி இணங்கினார். அண்ணியார் இணங்கவேயில்லை, ஆயினும் கம்பளி உடுப்புகளை அடுக்கித் தந்தார்.

விமானத்தின் கீழே மரங்கள் குறுகின. பின்னர் இல்லாமலே போயின. இறங்கியதும் நான் கண்ட அந்த வெண்மையைச் சொல்ல என்னிடம் சொல் இல்லை. அருகிலுள்ள குடாவில் கடல் பெருகும் வேளையில் அந்த அகன்ற ஆறு முழுவதும் தன் பனிப்பாளத்தோடு மேலெழுகிறது. அப்போது கரையோரப் பனி பிளந்து எழும் ஓசை நெஞ்சாங்கூட்டினுள் கேட்கிறது. கோயிலில் நிற்பதுபோல் என் கைகள் தாமாகவே குவிந்தன.

அண்ணர் வழக்கமாகத் தங்கும் வீட்டின் உரிமையாளரான, அப்பகுதிப் பூர்வகுடியாகிய இனுயிட் இனத்து மூதாட்டியார், தமது பனிவண்டியில் எங்களை ஆற்றங்கரைக்குக் கொண்டு சென்றார். அண்ணர் நீலத்தைக் கரைத்துத் தாளில் இழுத்தார். இழுத்த இடத்திலேயே அது உறைந்தது. போத்தலை மூக்கருகே கொண்டுபோனார்; மதுவின் மணமேயில்லை. மார்கழித் திருவெம்பாவை விரதம் இருந்த அண்ணியார், புறப்படுமுன் பெட்டிக்குள் மதுவைக் கண்டு கொட்டிவிட்டு, போத்தலைக் கழுவி, மருந்து குடிக்க உதவட்டுமென்று கொதித்தாறிய நீரை நிரப்பியிருந்தார்.

“உன்ரை அண்ணி என்னைத் திருத்திப்போட்டா,” என்றார் அண்ணர்.

அவ்வளவுதான், இந்தப் பயணமும் வீண் என்றெண்ணித் தாளை எடுக்கப்போனேன்.

“பொறு. கை வையாதை.”

குனிந்து பார்த்தேன். உறைந்த நீலத்திலிருந்து இறகு இறகாகக் கோடுகள் கிளைத்து, தாளில் ஓடிக்கொண்டிருந்தன. எதிரே ஆற்றின் மேலும் அதே கோடுகள். அண்ணர் அங்கொன்றும் இங்கொன்றுமாக வர்ணத்தைத் தொட்டு வைத்தார்; மிகுதியைக் குளிர் வரைந்தது.

“இவ்வளவு காலமும் இது வராமல் தடுக்கத்தான் நான் சாராயம் ஊத்தினனான்,” என்று மெல்லச் சொன்னார்.

வெப்பமான வீட்டுக்குள் கொண்டுபோனால் பனி உருகி எல்லாம் கலைந்துவிடும். கொடியில் விறைத்த துணி சொட்டாமலே உலர்வதுபோல் இதுவும் வெளிக்குளிரிலேயே உலருமென்றும், அதற்குப் பல நாட்கள் செல்லுமென்றும் மூதாட்டியார் சொன்னார். சிகிச்சைக்காக மறுநாளே நாம் திரும்பவேண்டியிருந்தது. படத்தை அவரது குளிர்க் கொட்டிலில் விட்டு வந்தோம். மொன்றியலில் அண்ணரின் உடல் வேகமாகத் தளர்ந்தது. “காஞ்சிருக்குமோ?” என்று தினமும் கேட்டார். அது வரும்வரை அவர் இருப்பாரோ என்பதே எங்கள் ஏக்கமாயிற்று.

படம் வந்தது. டோர்வலில் அவரோடு வேலை செய்த நண்பர்கள் அதை இறக்கி, நேரே மருத்துவமனைக்குக் கொண்டுவந்தனர். அண்ணியார் அதைக் கட்டிலின் கால்மாட்டில் பிடித்து நின்றார். தம்மால்தான் படம் கெட்டதென்று அதுவரை அழுதுகொண்டிருந்தவர் அவர்.

“நீர் ஊத்தின தண்ணி எப்பிடி ஓடியிருக்கு, பாரும்,” என்றார் அண்ணர் அவரிடம்.

ஒப்பமிடும்படி பென்சிலை நீட்டினேன். வேண்டாமெனத் தலையசைத்தார்.

“நான் கீறேல்லை, தம்பி. பாக்கக் கிடைச்சது. அது போதும்.”

அந்த வாரமே அமைதியாகக் கண்மூடினார்.

படத்தைக் காத்து, உலர்த்தி, அனுப்பிய மூதாட்டியாருக்கும், சுமந்து வந்த நண்பர்களுக்கும், இரவுபகல் பார்த்த தாதியருக்கும், துயர நாட்களில் எமக்குச் சமைத்துத் தந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. அப்படத்தை இம்மலரில் சேர்க்க முயன்றோம். அச்சில் அக்கோடுகள் பிடிபடவில்லை. அது ஒப்பமின்றி அண்ணியாரின் வீட்டில் தொங்குகிறது. வந்து பாருங்கள், அருகில் நின்று பாருங்கள்.