அப்பாவின் வலது இடுப்பு

எனக்கு எட்டு வயதாக இருந்த வருடம் அப்பா எங்களோடு கோயிலுக்கு வருவார், ஆனால் உள்ளே வரமாட்டார்.

ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரத்தில் எங்கள் முருகன் கோயில் முன்னர் ஒரு தளபாடக் கிடங்காக இருந்த மண்டபம். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அப்பா சப்பாத்துக் கழற்றும் இடத்தோடு நின்றுவிடுவார். ஊரார் சப்பாத்துகளுக்கு நடுவே, போட்ட சட்டையோடு, கண்ணை மூடிக் கும்பிட்டபடி நிற்பார். முருகன் அவரைப் பார்த்திருப்பார் என்றுதான் நம்புகிறேன். மற்றவர்கள் நன்றாகவே பார்த்தார்கள். அவர் அல்லேலூயாக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாராம் என்று பெண்கள் பக்கத்தில் ஒரு கதை ஓடியது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, நேரிலேயே கேட்டார்.

"என்ன அத்தான், நெஞ்சிலை பழைய காதலியின்ரை பேரைப் பச்சை குத்தி வைச்சிருக்கிறியளோ?"

"ஓம் தம்பி. ஒண்டில்லை, ரெண்டு பேர். இடம் காணாமல் கிடக்கு."

மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவவுக்கு ஒரு நேர்த்திக்கடன் கிடந்தது.

அதற்கு முந்திய குளிர்காலத்தில், ஒரு சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, ட்ராம் தரிப்பிடத்தில் வைத்து மூன்று வெள்ளைக்காரர் அப்பாவை அடித்துப் போட்டார்கள். கையில் லீக்ஸும் கரட்டும் வாங்கிய பை. இரண்டு விலா எலும்பு முறிந்தது. அடியைப் பற்றி அப்பா ஒருநாளும் கதைத்ததில்லை. அங்கே நிறையச் சனம் நின்றதாம், ட்ராம் வந்ததும் எல்லாரும் ஏறிப் போனார்களாம், அதை மட்டும் இரண்டு மூன்று தரம் சொன்னார். இவர் நடந்து வீட்டுக்கு வந்தால் தேர்த் திருவிழாவில் பிரதட்டை அடிப்பார் என்று அம்மா ஆஸ்பத்திரியில் வைத்தே முருகனுக்கு நேர்ந்துவிட்டா. வேட்டி மட்டும் கட்டி, வெறும் மேலோடு, கோயிலைச் சுற்றி நிலத்தில் உருண்டு வருவதுதான் பிரதட்டை.

அப்பா நடந்து வந்தார். ஆனால் வந்த அப்பா வேறு மாதிரி இருந்தார். இரண்டு அளவு பெரிய சட்டைகள் வாங்கினார். வெயில் எரிக்கும் நாளிலும் மேலே ஒரு கையில்லாத ஜாக்கெட். நான் மடியில் ஏறப் போனால், "மற்றப் பக்கத்தாலை வா குஞ்சு" என்பார். வலது இடுப்பில் தோல் உரிந்து புண்ணாகியிருந்தது. பெல்ட் உரசியது என்றார். அம்மா நம்பி எண்ணெய் பூசிவிட்டா.

ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்த சந்தோசப் புளுகத்தில் ஓடிப்போய் அந்தப் பக்கத்தாலேயே அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். நெற்றி இரும்பில் இடித்தது. அழ வாயெடுத்தவளை அப்பா குளியலறைக்குள் கூட்டிப்போய், சட்டையைத் தூக்கிக் காட்டினார். கறுப்பாய், சின்னதாய், தோல் உறைக்குள் ஒரு துவக்கு.

"இது ஆளைக் கொல்லாது பிள்ளை. குண்டு இல்லை. சத்தம் போடும், கண்ணெரியிற புகை வரும். அவ்வளவுதான். அம்மாட்டைச் சொல்லாதை, அவ பயப்பிடுவா."

அதை வைத்திருக்க அனுமதிக் கடதாசியும் இருந்தது. இந்த நாட்டில் தங்குவதற்கு எத்தனையோ அன்ட்ராக், விண்ணப்பக் கடதாசி, எழுதி, எத்தனையோ தரம் இல்லை என்ற பதில் வாங்கியவர் அவர். இந்த ஒரு கடதாசிதான் கேட்ட முதல் தடவையே கிடைத்தது.

அன்றிலிருந்து அவருக்குப் பேச ஓர் ஆள் கிடைத்தது. முன்பக்கம் செருகினால் இருக்கும்போது அடிவயிற்றை அமத்துமாம். முதுகுப் பக்கம் வைத்தால் வேலைக்குப் போகிற பஸ்ஸில் சாய ஏலாதாம். இடுப்புத்தான் சரி, ஆனால் குனியக் கூடாது, முழங்காலை மடித்து இருந்துதான் எதையும் எடுக்கவேண்டும். ஒரே நிறச் சட்டையில் புடைப்புத் தெரியும், கட்டம் போட்டதில் தெரியாது. பெரிய தையற்காரர் மாதிரி இதையெல்லாம் எனக்கு விளங்கப்படுத்துவார். காலையில் அம்மா வேலைக்குப் போனபிறகு, என் முன்னால் நின்று ஒரு சுற்றுச் சுற்றுவார். பஸ்ஸில் பிடிப்பதுபோல் கையை உயர்த்துவார்.

"தெரியுதோ?"

"தெரியேல்லை."

அதற்குப் பிறகுதான் கதவைத் திறப்பார். எனக்கு அது பெரிய உத்தியோகமாக இருந்தது.

தேர் நெருங்க நெருங்க அம்மா நித்திரை கொள்ளவில்லை. அப்பாவின் உயிரைத் தந்த முருகனுக்குச் சொன்னதைச் செய்யாவிட்டால், அவர் தந்ததைத் திருப்பி எடுத்துவிடுவார் என்ற பயம். அப்பாவுக்கோ அதை விட்டுவிட்டு இரண்டு ட்ராம் மாறிக் கோயிலுக்கு வர முடியாது. சனம் கூடும் திருவிழாவுக்கு அதைக் கொண்டுபோகக் கூடாதென்று கடதாசி தந்தவர்களே சொல்லியிருந்தார்கள். ஆளே இல்லாத பஸ்ஸிலும் டிக்கெட் எடுக்கிற மனிதர், அந்த ஒரு சொல்லை மட்டும் கேளாமல் இருந்தார். ஆனால் வெறும் மேலில் எங்கே ஒளிப்பது? "முதுகு நோகுது. அடுத்த வருசம் பார்ப்பம்" என்றார்.

அம்மா சுவாமிப் படத்துக்கு முன்னால் இருந்து, சத்தம் வராமல் அழுதா. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தேருக்கு முதல் நாள் அவவின் காதுக்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அடுத்த நாள் காலை அப்பா குளிக்கப் போன நேரம், அம்மா அலுமாரியில் இருந்த துவக்கை ஒரு துவாயில் சுற்றி மாமாவிடம் கொடுத்தா. மாமா கொண்டுபோய் ஆற்றில் எறிந்துவிட்டுக் காரோடு திரும்பி வந்தார். அப்பா வேட்டியோடு வந்து அலுமாரியைத் திறந்தார். மூடினார். திரும்பவும் திறந்தார்.

"காரிலைதான் போறம். தம்பியும் கூட வாறான்" என்றா அம்மா. "சாமிக்கு முன்னாலை உங்களுக்கு என்ன பயம்?"

அப்பா என்னை மட்டும் ஒருதரம் பார்த்தார்.

அன்று அவர் பிரதட்டை அடித்தார். அம்மா அரோகரா சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தா, அவவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. அப்பாவின் முகம் மேலே வரும் ஒவ்வொரு தடவையும் கண் திறந்திருந்தது. தேரையோ சுவாமியையோ அவர் பார்க்கவில்லை. வேலிக்கு வெளியே வேடிக்கை பார்த்து நின்ற வெள்ளைக்காரரின் கைகளைப் பார்த்தார். எழும்பியதும், இனி அப்படி ஒன்றைத் தொடமாட்டேன் என்று கற்பூரத்தின் மேல் அடித்துச் சத்தியம் பண்ணச் சொன்னா அம்மா. பண்ணினார். முருகனுக்குக் கொடுத்த சொல்லை அவர் கடைசிவரை மீறவில்லை.

திங்கட்கிழமை சப்பாத்துப் போட்டுக் கதவடி மட்டும் போனவர், திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றினார். செவ்வாயும் அப்படித்தான். பிறகு சப்பாத்துப் போடுவதையும் விட்டுவிட்டார். வேலை போனது. டொக்டரிடம் அவருக்கென்று நேரம் குறித்து எடுத்த டெர்மின்களுக்கு அம்மாதான் தனியே போய்வந்தா. தன் நேர்த்தி நிறைவேறியதென்றுதான் அம்மா இன்றைக்கும் சொல்கிறா. நானும் வெள்ளிக்கிழமை தவறாமல் முருகன் முன்னால் போய் நிற்கிறேன். மன்னிப்பு அவரிடம் கேட்பதா, அப்பாவிடம் கேட்பதா என்று தெரியாமல் திருநீறு மட்டும் வாங்கிக்கொண்டு வருகிறேன். அப்பா போய் நாலு வருடமாகிறது.

ஆனால் அப்போது நான் சந்தோசமாகத்தான் இருந்தேன். என் அப்பா இப்போது நாள் முழுக்க வீட்டில் நிற்கிறார் என்று வகுப்பில் பெருமையாய்ச் சொன்னேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மணி அடிக்கக் கூடாது, என் பெயரைச் சொன்னால்தான் கதவு திறப்பார். அதை நான் விளையாட்டு என்று எடுத்துக்கொண்டேன். ஒருநாள் கதவைக் கையால் குத்தி, ஆம்பிளைக் குரலில், ஜெர்மனில், "திற" என்று கத்தினேன். உள்ளே ஒரு அசைவும் இல்லை. பிறகு என் பெயரைச் சொல்லியும் திறக்கவில்லை. வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு படியிலேயே இருந்தேன்.

அம்மா வேலையால் வந்து திறப்பைப் போட்டுத் திறந்தா. நான் அவவை முந்திக்கொண்டு அறை அறையாய் ஓடித் தேடினேன். தண்ணீர் இல்லாத குளியல் தொட்டிக்குள், முழங்காலைக் கட்டிக்கொண்டு அப்பா சுருண்டு கிடந்தார்.

கண்டுபிடித்துவிட்டேன் என்று கைதட்டித் துள்ளினேன். இனி என்னுடைய முறை, நான்தான் ஒளிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, கட்டிலுக்குக் கீழே போய் அப்பா தேடி வருவார் என்று படுத்திருந்தேன்.