பனிமூட்டத்தில் ஏசி பார்த்தவன்

ஏசி கம்ப்ரசர் பார்க்கிற தொழிலும் நாடி பிடிக்கிற வைத்தியர் தொழிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வைத்தியரிடம் நோயாளியே பொய் சொல்வான், எங்களிடம் நோயாளி வாயைத் திறக்காது, கூட வந்தவர்கள் சொல்வார்கள். லோடருக்கு அடியில் மல்லாந்து படுத்து, மூக்கின் மேல் எண்ணெய் சொட்டச் சொட்ட, "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு" என்ற வசனத்தைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன என் இனத்தாரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம். எண்ணெய் சொட்டாது.

ஊரே ஒரு ஐஸ்பெட்டி

எண்பதுகளின் தொடக்கம். கொழும்பில் ஐஸ்பெட்டி ரிப்பேர் படித்துவிட்டு வந்த எனக்கு, ரோடு போடுகிற ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. கம்பெனியின் மெஷின்கள் எல்லாம் மலைக்குக் கீழே, வெல்லவாய வெயிலில் கல் உடைத்துக்கொண்டிருந்தன. அவற்றை ரிப்பேர் பார்க்கிற யார்டு மட்டும் மலைக்கு மேலே, அப்புத்தளையில். யார் அப்படி யோசித்தார்களோ தெரியாது. கீழே வெயிலில் வெந்த மெஷினை லாரியில் ஏற்றி மேலே கொண்டுவருவார்கள். இங்கே பனிமூட்டத்தில் அது நிற்கிற இடத்தையே நாங்கள் தேட வேண்டியிருக்கும்.

யார்டு வாசலில் ஒரு தேத்தண்ணிக் கடை. கடைக்காரர் ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு கோட்டு, காதைச் சுற்றி மப்ளர் என்று அடுப்புக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவர். முதல் நாள் "என்ன வேலைக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டார். எனக்கு இயல்பாகவே சத்தம் வராது. மெதுவாக "ஏசி பாக்க" என்றேன். திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னேன். பால் விடாத பிளேன்டீயை நீட்டியபடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, இந்த ஊர்ல கதவத் திறந்தாலே ஏசிதானே? அதுக்கு ஒரு மெஷினு, அந்த மெஷினுக்கு வைத்தியம் பாக்க ஒரு ஆளு! நல்லா இருக்கு கம்பெனி."

கதவை மூட வேண்டும்

சிங்காரண்ணன் கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள். தோட்டத்து வீட்டு வரிசையான அவர் லயத்திலிருந்து பெரிய மெஷின் ஓட்டப் போன முதல் ஆள் அவர்தான். கல்குவாரியில் கல் அள்ளிப் போடுகிற லோடர் ஓட்டினார். லோடரைத் தினமும் கழுவிப் பொட்டு வைப்பார். அது நல்லபடியாக இருந்தது. அவர் நெஞ்சுதான் கெட்டுப்போயிருந்தது. கல்தூசி. பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர், இனிமேலும் தூசி தின்றால் நெஞ்சு தாங்காது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த லோடரில் ஓட்டுகிறவர் உட்காரும் இடம் சுற்றிலும் கண்ணாடி போட்ட பெட்டி. கதவை மூடினால் தூசி வராது. ஆனால் ஏசி இல்லாமல் வெல்லவாய வெயிலில் கதவை மூடினால், உள்ளே இருப்பவர் ரொட்டி மாதிரி வெந்துபோவார். ஏசியோ தினமும் பத்து பதினொரு மணிக்கு மேல் சூடான காற்றை ஊதுகிறது. ஆகவே கதவைத் திறக்கிறார், ஆகவே இருமுகிறார்.

கொழும்பிலிருந்து வந்த இஞ்சினியர் முடிவாகச் சொல்லிவிட்டார். ஸ்டோரில் ஒரு கம்ப்ரசர்தான் மிச்சம். அதைப் போட்டும் சரிவராவிட்டால் கம்ப்ரசரைச் சுற்றுகிற பெல்ட்டை வெட்டிவிட்டு ஏசி இல்லாமலே ஓட்ட வேண்டியதுதான். அப்போது நெஞ்சு பலமுள்ள வேறு ஆளைப் போடுவார்கள். சிங்காரண்ணன் தோட்டத்துக்குத் திரும்பி, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடிக்க வேண்டும். இதையெல்லாம் லோடரோடு யார்டுக்கு வந்த சிங்காரண்ணனே என்னிடம் சொன்னார். அவர் இருமி முடிக்கும்வரை காத்திருந்தேன். குளிராக வேண்டும் என்று கேட்பார் என நினைத்தேன்.

"எனக்குக் குளிரே வேணாம் தம்பி. கதவ மூடிக்கிட்டு வேல செய்ற அளவுக்கு ஆக்கிக் குடுத்தாப் போதும்."

இரண்டு மையத்து

கம்ப்ரசருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. இஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டால், கிளட்ச் பிடிக்கிற சத்தம் கேட்க வேண்டும்: டக். அந்த டக் வந்தால் உயிர் உண்டு. காலையில் பனிக்குள் நின்றுகொண்டு நானும் ஹனிபா நானாவும் காதைக் கொடுத்தோம். நானாதான் யார்டுக்கு போர்மன். எந்த மெஷினையும் முதலில் ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் பேச்சே ஆரம்பிப்பார். டக் வரவில்லை. கேஸ் பார்த்தோம், சரியாக இருந்தது. பியூஸ் பார்த்தோம், சரி. நானா இன்னொரு தட்டுத் தட்டினார். பிறகு, "மௌத்தாப் போச்சு" என்று மரணத் தீர்ப்புச் சொன்னார். பேட்டரியிலிருந்து கிளட்சுக்கு நேரே ஒரு ஒயர் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று பாடத்தில் உண்டு. விரல் விறைத்து ஸ்பேனரே நழுவுகிற காலையில் பாடம் யாருக்கு நினைவு வரும், சொல்லுங்கள்?

புதுக் கம்ப்ரசர் வந்தது, அந்தக் கடைசி ஒன்று. மறுநாள் காலை அதைப் பூட்டி, கேஸ் ஏற்றி, ஏசியைப் போட்டோம். சிங்காரண்ணன் கைகட்டி நின்றார். டக் வரவில்லை. எங்கோ மூட்டத்துக்குள் ரயில் கூவிவிட்டுப் போனது. அதற்குப் பிறகும் டக் வரவில்லை. சிங்காரண்ணன் தரையைப் பார்த்தார். நானா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவர் பேச்சில் பிணத்துக்கு மையத்து என்று பெயர்.

"ஒரு மையத்த எடுத்துப்போட்டு இன்னொரு மையத்த வச்சிருக்கம் தம்பி!"

பிளேன்டீ வைத்தியம்

நானாவுக்கு மனது சரியில்லாவிட்டால் பிளேன்டீ வேண்டும். கடையிலிருந்து ஆவி பறக்க வந்த கிளாசோடு லோடருக்குள் ஏறி உட்கார்ந்தார். நான் அங்கே ஏசியின் மூடியைக் கழற்றி வைத்து ஒயர் ஒயராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளாஸை வைக்க இடமில்லாமல் அவர் அந்தத் திறந்த பெட்டிக்குள்ளேயே ஓர் ஓரமாக வைத்தார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, ஏசியும் போட்டபடியே இருந்தது.

டக்.

நானா பயந்துபோய்க் கிளாஸைத் தூக்கினார். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கிப்போனது. நான் கிளாஸை வாங்கி மறுபடியும் அங்கேயே வைத்தேன். டக். தாத்தா சொன்ன கதையில் அரக்கனின் உயிர் ஏழு மலைக்கு அப்பால் ஒரு கிளிக்குள் இருக்கும். கம்ப்ரசரின் உயிரும் அப்படித்தான் வேறிடத்தில் இருந்தது. உள்ளே எவ்வளவு சூடு என்று பார்த்துக் கம்ப்ரசரைப் போடவும் நிறுத்தவும் ஒரு சின்னக் குமிழ் அந்தப் பெட்டிக்குள், கிளாஸ் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வெயிலில் இருந்தால் அது போடச் சொல்லும். அப்புத்தளைப் பனியில் அது, 'ஏற்கெனவே குளிர்ந்துதானே கிடக்கிறது, எதற்கு வீண் வேலை?' என்று நிறுத்தியே வைத்திருந்தது. பழைய கம்ப்ரசரை எடுத்து, பாடத்தில் சொன்னபடி பேட்டரி கொடுத்துப் பார்த்தோம். டக். இரண்டும் உயிரோடுதான் இருந்தன. தேத்தண்ணிக் கடைக்காரரைக் கூப்பிட்டு நானாவே செய்தி சொன்னார்.

"உங்கட பிளேன்டீய வச்சா மையத்தெல்லாம் எழும்பி உக்காருது! இனி சீனி கொஞ்சம் கூடப் போடுங்க."

தலையில் என்ன?

சந்தோஷம் லாரி பெரகலைச் சரிவில் இறங்கும்வரைதான் இருந்தது. கம்ப்ரசர் நல்லதென்றால், கீழே ஏன் சூடாக ஊதுகிறது? அதைப் பார்க்கத்தான் நானும் லோடரோடு வெல்லவாயவுக்குப் போனேன். மறுநாள் காலை, குவாரியில் கதவை மூடி ஏசியைப் போட்டதும் டக் என்று பிடித்தது. கண்ணாடிக்குள் சிங்காரண்ணன் சிரித்தது வெளியே தெரிந்தது. பகல் சாப்பாட்டுக்கு இஞ்சினியர் வருவதாகத் தகவல். நான் வேறொரு மெஷினின் பெல்ட்டைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. லோடர் கதவு திறந்து கிடந்தது. சிங்காரண்ணன் இருமிக்கொண்டிருந்தார். லோடரின் தலையில், கூரை முழுக்க மூடினாற்போல், ஒரு சாக்கு. நான்கு மூலைக்கும் நாடா வைத்து அழகாகத் தைத்திருந்தது.

"அண்ணே, தலையில என்ன இது?"

"அதுவா? கொங்காணி. மழைக்கு நம்ம ஆளுக தலையில மடிச்சுப் போட்டுக்குவாங்கள்ல, அதேதான். மேல இருக்கிற கம்பி வலைக்குள்ள தூசி பூரா போகுது தம்பி. பாவமா இருக்கு. வீட்டுக்காரிகிட்டச் சொன்னேன், தச்சுக் குடுத்தா. கல்லு உடைக்க ஆரம்பிச்சதும் போட்டுவிட்டுருவேன்."

"யார்டுக்கு வந்தப்ப இது இல்லையே?"

"கழட்டிருவேன்ல! காலையில ஆள் எடுக்கிற பெரட்டுல கணக்கப்பிள்ள பேரு கூப்பிடுறப்ப யாராவது கொங்காணியோட நிப்பாங்களா? நானா முன்னால எம் மெஷினு மட்டும் தலையில சாக்கோட நிக்கிறதா?"

அந்தக் கம்பி வலைக்குள் இருப்பதுதான் உள்ளேயுள்ள சூட்டை வெளியே தள்ளுகிற கருவி, அதை மூடினால் சூடு போக வழியில்லாமல் எல்லாம் நின்றுவிடும் என்று விளக்கினேன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தவும் எனக்கு வராது. அவர் ஏறிப்போய் ஒவ்வொரு நாடாவாக அவிழ்த்தார். சாக்கை மடித்துக்கொண்டு கீழே இறங்கியவருக்கு என்னைப் பார்க்க முகமே இல்லை.

"எனக்கு மூச்சு முட்டுதுன்னு, அதோட மூச்ச நானே அடச்சு வச்சிருந்திருக்கேனே தம்பி!"

கண்ணாடிக்கு வெளியே

கொஞ்ச நேரத்தில் ஏசி மறுபடியும் டக் என்று பிடித்தது. அப்போதுதான் இஞ்சினியரின் ஜீப் வந்து நின்றது. சிங்காரண்ணன் சாக்கைக் கையில் பிடித்தபடி நேராக அவரிடம் போனார். உண்மையைச் சொல்லியே தீருவது என்ற நடை. வேண்டாம் என்று நான் சொன்னது, கல் உடைக்கிற மெஷின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. மெஷினைக் கெடுத்தவன் என்று ஒரு வார்த்தை விழுந்தால் கவ்வாத்துக் கத்திதான். இஞ்சினியர் அவரைக் கவனிக்கவில்லை. லோடரில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். சிங்காரண்ணன் கண்ணாடிக்கு வெளியே நின்று, சாக்கைத் தூக்கிக் காட்டி, நெஞ்சைத் தொட்டு, கூரையைக் காட்டி, முழுக் கதையையும் சொன்னார். கண்ணில் தண்ணீர் வேறு.

உள்ளே இஞ்சினியர் முதலில் தொப்பியைக் கழற்றினார். பிறகு காற்று வருகிற வாய்க்கு முகத்தைக் கொடுத்தார். கண்ணை மூடினார். வெல்லவாய உச்சி வெயிலில் ஜீப்பில் வந்த மனிதர். எங்களுக்கு அவர் தூங்கிவிட்டாரோ என்றே தோன்றியது. கடைசியில் மனமில்லாமல் இறங்கி வந்து, பெல்ட் அப்படியே இருக்கட்டும், சிங்காரமே ஓட்டட்டும் என்றார். "கதவ மூடினா ஒரு சத்தமும் கேக்கல, ரொம்ப நல்லாச் செஞ்சிருக்கீங்க. சரி, நீங்க என்னமோ சொல்லிக்கிட்டிருந்தீங்களே, என்ன?" என்று சிங்காரண்ணனைக் கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். மூடிய கதவைப் பார்த்தார். கையிலிருந்ததைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லீங்கய்யா. இந்தச் சாக்கக் காயப்போடணும்னு சொன்னேன்."

மரியாதை

அடுத்த தடவை லோடர் அப்புத்தளைக்கு வந்தது எண்ணெய் மாற்றுவதற்கு மட்டும். நானா வழக்கப்படி ஒரு தட்டுத் தட்டினார். நான் முதலில் கூரையைத்தான் பார்த்தேன். வெறுங்கூரை. கொங்காணி சீட்டில் மடித்துப் போட்டிருந்தது, உட்கார மெத்தென்று. சிங்காரண்ணன் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து ஒரு முழுக் கதையை இருமாமல் சொல்லி முடித்தார். வீட்டில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். உண்மையைச் சொன்னால் அவள் மனது நோகும் என்று, மெஷின் தலைக்குச் சாக்கு ஆகாது என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டதாக மட்டும் சொன்னாராம். அவள் சாக்கு இப்போது எங்கே என்று கேட்டிருக்கிறாள். சீட்டில் என்றிருக்கிறார். அவள் சொன்னதை அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினார்.

"தலைக்குன்னு தச்சத உக்கார்ற எடத்துலயா போட்ட, மரியாத தெரியாத மனுசா!"

அன்றிலிருந்து எந்த மெஷின் வந்தாலும் கம்ப்ரசரில் கை வைப்பதற்கு முன் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எங்கள் முன்னால் மரியாதையாக நிற்பதற்காக, வழியில் எதைக் கழற்றி வைத்துவிட்டு வந்தீர்கள்?"