வெறும் வயிற்றில் போடாதே

என் மகளுக்குப் பதினேழு வயது. அள்ளி அள்ளித் தின்பாள், பிறகு பாத்ரூமில் போய் எல்லாவற்றையும் வாந்தி எடுப்பாள். புலிமியா என்றார் டாக்டர். கவுன்சலிங்கோடு மனச்சோர்வுக்கான மாத்திரையும் எழுதினார். இந்தத் தின்கிற வெறியையும் அது அடக்குமாம், சில வாரம் பிடிக்குமாம். "தினம் ஒண்ணு. சாப்பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ, உங்க வசதி" என்றார்.

வசதியாவது மண்ணாவது! வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குடல் வெந்துவிடும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். அமெரிக்காவில் ஃப்ரீமான்ட்டுக்கு வந்து இருபது வருடமாகியும் அது மாறவில்லை. தினமும் காலையில் பக்கத்தில் நின்று இட்லி போட்டேன். "இன்னும் ஒண்ணு வெச்சுக்கோ கண்ணு, மாத்திரை சூடு." மறுபேச்சில்லாமல் சாப்பிட்டாள், மாத்திரையை விழுங்கினாள், குளிக்கப் போனாள். மருந்து கேட்கிறது என்று என் வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

வாந்தி நிற்கவில்லை என்று அவளே சொன்னதும் டாக்டர் ஒரு தடவை டோஸைக் கூட்டினார். அப்போதும் குறையவில்லை. அடுத்த தடவை, எப்போது போடுகிறாய் என்று அவளையே கேட்டார். அவள் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆஃப்டர் பிரேக்ஃபாஸ்ட். மோஸ்ட் டேஸ், அதுவும் வெளிய வந்துடும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இத்தனை நாளில் மருந்து எவ்வளவு உள்ளே தங்கியது என்று தெரியாமலே கூட்டியிருக்கிறோம் என்றார். இனி எழுந்ததும் மாத்திரை, சாப்பாடு நன்றாகத் தள்ளி.

ஃப்ரீவேயில் காரை ஓட்டிக்கொண்டே கத்தினேன். "ஏன்டி, ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"யூ வேர் ஸோ ஹாப்பி, அம்மா. நான் ப்ளேட்டை ஃபினிஷ் பண்ணா யூ வேர் ஸோ ஹாப்பி."



மூன்று மாதமாக மாத்திரை ஒழுங்காக உள்ளே போகிறது. வாந்தி நிற்கவில்லை. இந்த மருந்து எல்லோருக்கும் கேட்காது, வேறு பார்க்கலாம் என்கிறார் டாக்டர். பார்க்கட்டும். எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. நான் செய்யக்கூடியது ஒன்றுதான், இன்னும் கொஞ்சம் சாப்பிடு என்று சொல்லாமல் இருப்பது. வாயைக் கட்டிக்கொண்டு அதைச் செய்கிறேன்.

நேற்று அவள் பாதித் தட்டோடு எழுந்தாள். "போதும்மா" என்றாள். அவளாகப் போதும் என்று சொல்லி எத்தனை வருடமாயிற்று!

"சரிம்மா" என்றேன். சொல்லும்போது என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்து, மீதியையும் தின்று முடித்தாள்.