எங்கள் பாதுகாப்புக்காக எடுத்த பெயர்கள்

இன்று கல்லடியில், எங்கள் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் யார் யார் பெயரைப் போடுவது என்று முடிவெடுக்கக் கூடினோம்.

தொடரை எழுதியவர்கள் நானும் தன்னாமுனை ஆசிரியை மலரும். இயக்குநர் கொண்டுவந்த பெயர்ப் பட்டியலில் நாங்கள் இருவரும் இல்லை.

"சண்டை நடக்கிற நேரத்தில, எழுதின ஆக்கள்ர பேரைப் போட்டா ஆபத்து தங்கச்சி. உங்கட பாதுகாப்புக்குத்தான் எடுத்தன்," என்றார் இயக்குநர்.

மலர் பட்டியலை வாங்கிப் பார்த்தாள். "எழுத்து எண்ட இடத்தில உங்கட பேர் கிடக்கே சேர். உங்களுக்கு ஆபத்தில்லையா?"

"நான் சமாளிப்பன்."

"நடிச்ச ஆக்கள்ர முகமே தெரியுதே, அவங்களுக்கு?"

இயக்குநர் பட்டியலைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

மேசையில் கிடந்த இன்னும் படமாக்காத கடைசிப் பகுதியின் ஒரே கையெழுத்துப் பிரதியை மலர் பைக்குள் வைத்தாள். இருவரும் பஸ் ஏறிவிட்டோம்.

கடைசிப் பகுதியை அந்தத் தியாகியே எழுதட்டும். பார்த்து யாருக்காவது சிரிப்பு வந்தால் கீழே சொல்லுங்கள்.