காய்ச்சல் லீவு

பதுளையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் தாதியாகச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் பண்டாரவளையில் இன்னொரு மருத்துவமனை நேர்முகத் தேர்வுக்கு அழைத்தது. அங்கே வேலை கிடைத்தால் எங்கள் தேயிலைத் தோட்டத்து வீட்டிலிருந்தே போய் வரலாம். "காய்ச்சல்னு சொல்லிட்டுப் போ, யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் அம்மா. அப்படியே செய்தேன்.

நேர்முகத் தேர்வு அறைக்குள் நுழைந்தேன். வியாழக்கிழமைதோறும் எங்கள் வார்டுக்கு வரும் டாக்டர் எதிரே உட்கார்ந்திருந்தார். இங்கே பெரிய டாக்டர்கள் நாலு இடத்துக்குப் போகிறவர்கள் என்பதை எப்படி மறந்தேனோ! "இன்னைக்கு டியூட்டி இல்லையா?" என்றார். பொய் வரவில்லை. "காய்ச்சல்னு சொல்லிட்டு வந்தேன், டாக்டர்" என்றேன்.

அந்த வியாழக்கிழமை பதுளை வார்டில், தலைமைத் தாதி மேட்ரன் முன்னாலேயே டாக்டர் என்னைப் பார்த்து, "காய்ச்சல் விட்டுருச்சா?" என்று கேட்டார். "பாவம், டாக்டர், இந்தப் புள்ள மறுநாளே வேலைக்கு வந்துருச்சு" என்றார் மேட்ரன்.

பண்டாரவளை வேலைக் கடிதம் வந்து என் பையிலேயே கிடக்கிறது. போனால் அங்கேயும் அந்த டாக்டர், இருந்தால் இங்கேயும் அவர்.

பொய் சொல்லி லீவு எடுப்பதை அன்றோடு விட்டுவிட்டேன். போன வாரம் நிஜமாகவே காய்ச்சல் வந்தது. லீவு கேட்க வாய் வரவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். அன்று வியாழக்கிழமை.